12 தடவை வாசித்து முடித்தாயிற்று, கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஏன்?

ஒரு வாசகரின் கேள்வி, ஜனவரி 7

தினமும் 3 அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை 5. இந்தக் கணக்கில் போனால் பைபிளின் 1,189 அதிகாரங்களும் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். போன டிசம்பர் 31ஆம் தேதியோடு 12ஆவது தடவை முடித்தேன். கோவிலில் பரிசும் கொடுத்தார்கள். பரிசோடு வீட்டுக்கு வந்தால் என் மனைவி கேட்கிறாள்: "இத்தனை வாசிச்சும் உங்க கோவம் ஒரு பொட்டு குறையலையே, ஏன்?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. திறந்த மனதோடு வாசிக்க வேண்டும் என்று சபைப் போதகரான ஐயர் பிரசங்கத்தில் சொல்கிறார். திறந்த மனது என்றால் என்ன? கேள்வி கேட்காமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதா?

ஜனவரி 7, இரவு, என் பதில்

அப்படியில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 17:11 எடுத்துப் பாருங்கள், பெரோயா ஊரார் கதை. வந்து பிரசங்கித்தவர் பவுல். அவர் சொன்னதையே, இது இப்படித்தானா என்று தினந்தோறும் வேதத்தைப் புரட்டிச் சரிபார்த்திருக்கிறார்கள். அதற்காக, இதை எழுதிய லூக்கா அவர்களைக் குறை சொல்லவில்லை. "நற்குணசாலிகள்" என்று எழுதி வைத்திருக்கிறார். மனோவாஞ்சையாய் ஏற்றுக்கொண்டார்கள், ஆராய்ந்தும் பார்த்தார்கள். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கிறது. நாம்தான் இரண்டையும் பிரித்து, ஏற்றுக்கொள்கிறவன் விசுவாசி, ஆராய்கிறவன் அவிசுவாசி என்று ஆக்கிவிட்டோம்.

உங்கள் மனைவி கேட்டது நல்ல கேள்வி. என்னிடம் அப்படிக் கேட்க யாரும் இல்லாமல் நான் 4 வருஷம் தொலைத்தேன். அதை அப்புறம் எழுதுகிறேன்.

ஜனவரி 8

முதலில் வாக்குத்தத்த அட்டை விஷயம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் வரிசையில் நின்று தட்டிலிருந்து புது வருஷத்துக்கான வசனம் போட்ட அட்டையை ஆளுக்கொன்று எடுப்போமே, அதில் சில வருஷத்துக்கு முன் எனக்கு எரேமியா 29:11 வந்தது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பீரோ கண்ணாடியில் ஒட்டி வைத்தேன். மார்ச்சில் வீட்டுக்காரருக்கு மூட்டில் அறுவை சிகிச்சை. ஜூனில் மகனுக்கு வர இருந்த வேலை கைவிட்டுப் போனது. ஒருநாள் கோபத்தில் அந்த அட்டையைப் பிய்த்து எடுத்துவிட்டேன். கிழித்துப் போடுவதற்கு முன்னால், அந்த அதிகாரத்தில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று முதல் வசனத்திலிருந்து வாசித்தேன்.

அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு எரேமியா அனுப்பியது. 11ஆம் வசனத்துக்கு முந்தின வசனம் 70 வருஷம் என்கிறது. 5ஆம் வசனம், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதின் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறது. 7ஆம் வசனம் அந்த அந்நியப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணச் சொல்கிறது. யோசித்துப் பாருங்கள். கடிதத்தைக் கையில் வாங்கின பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த நல்ல முடிவைப் பார்க்காமலே கண்ணை மூடியிருப்பார்கள். பேரன் பேத்திக்குத்தான் அது கிடைத்தது. நான் அந்த வசனத்தை டிசம்பருக்குள் பலிக்கிற ஒன்றாக எடுத்துக்கொண்டு, பலிக்கவில்லை என்று கடவுளிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

வசன எண்கள் எரேமியா போட்டவை அல்ல. இப்போதுள்ள அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டில் நாம் பார்க்கிற வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் 1551இல் போட்டார். தேடி எடுக்க வசதியாகத்தான் அந்த எண்கள். ஒருநாளாவது எண் இல்லாத கடிதமாக நினைத்து முழுசாக வாசித்துப் பாருங்கள்.

ஜனவரி 9

அட்டை எடுப்பது தப்பு என்று நான் சொன்னதாக இரண்டு பேர் வருத்தப்பட்டிருக்கிறார்கள். அப்படிச் சொல்லவில்லை. எங்கள் ஆச்சி தலையணைக்கடியில் மூன்று அட்டை வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் வந்த அதிகாரத்தை மனப்பாடமாகச் சொல்லுவாள். அவளுக்கு அட்டை வாசல்படி மாதிரி. நான் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான்.

ஜனவரி 12

வார்த்தைகளைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய தமிழ் புரியவில்லை, புரியாததைத் திறந்த மனதோடு வாசித்து என்ன பயன் என்று. நியாயம்.

நான் ஓய்வுநாள் பள்ளியில் 17 வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருநாள் 1 பேதுரு 5:7. "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." முன்வரிசையில் 8 வயசுப் பையன் ஒருவனுக்கு முகமே மாறிவிட்டது. "டீச்சர், ஸ்டேஷன்ல வச்சா விசாரிப்பாரு?" என்றான். அந்த வாரம்தான் அவன் மாமாவை போலீஸ் விசாரணைக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. மற்ற பிள்ளைகள் சிரித்தன. அவன் சிரிக்கவில்லை. நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: "வெளியூருக்குப் போறவங்ககிட்ட உங்கம்மா என்ன சொல்லி விடுவா? 'சித்திய விசாரிச்சேன்னு சொல்லு'ம்பாளா?" ஆமாம் என்றான். "அந்த விசாரிப்புதாம்ல இது." அவன் தோள் இறங்கினதை நான் பார்த்தேன்.

நானும் அதுவரை அந்த வசனத்தைப் பழக்கத்தில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பயந்த பிள்ளை ஒன்று கேட்டபிறகுதான் எனக்கே அது விளங்கியது.

தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளில் அதுதான் முதல். நாம் கோவிலில் வாசிக்கிற மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் ஐயர் தலைமையில் திருத்தி 1871இல் வந்தது. அந்தத் திருத்த வேலையில் இடையன்குடி கால்டுவெல் ஐயரும் இருந்தார். எங்கள் ஊர் அந்தப் பக்கம்தான், அதனால் இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை. ஆனாலும் 150 வருஷத்துக்கு மேலாகிவிட்டது, சொற்கள் இடம் மாறிவிட்டன. "சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள்; அவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்" என்று வாசித்தால் இப்போதைய பிள்ளைகளுக்கு ஆகஸ்ட் 15 நினைவு வருகிறது. அங்கே சுதந்தரம் என்றால் வாரிசாகக் கிடைக்கிற சொத்து. சுதந்தரவாளி என்றால் வாரிசு. 1995இல் வந்த திருவிவிலியம் என்ற புது மொழிபெயர்ப்பில் "உரிமைச் சொத்து" என்றே போட்டிருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஒன்றில் பூட்டியிருப்பதை இன்னொன்று திறக்கும்.

சொத்து என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அந்தக் கதையை அடுத்த ஞாயிறு எழுதுகிறேன்.

ஜனவரி 19

எங்கள் அம்மா இறந்தபோது மிச்சம் இருந்தது ஒரு ஓட்டு வீடு, தேரிப் பக்கம் 1 ஏக்கர் 20 சென்ட், அதில் 43 பனை. நாங்கள் இரண்டே பேர், அண்ணனும் நானும். 40ஆம் நாள் ஜெபம் முடிந்ததும் பாகத்தைப் பற்றி நான் பேச்செடுத்தேன். "உனக்குத்தான் கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே" என்றான் அண்ணன். மதினி தலையைக் குனிந்துகொண்டாள். நான் அழுதுகொண்டே பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.

அன்று ராத்திரி தூங்கவில்லை. ஒத்துவாக்கிய அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு "சுதந்தரம்" என்ற சொல் எங்கெங்கே வருகிறது என்று விரலை வைத்துத் தேடினேன். விடியற்காலை கிடைத்தது, எண்ணாகமம் 27. செலொப்பியாத்துக்கு ஆண்பிள்ளை இல்லை, ஐந்து பெண்பிள்ளைகள். தகப்பனுடைய சொத்தில் எங்களுக்குப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். கர்த்தரே மோசேயிடம் அவர்கள் சொல்வது சரி என்றார். சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் அண்ணனுக்கு அனுப்பினேன். அவன் பார்த்துவிட்டான் என்று நீலக் கோடு காட்டியது. ராத்திரி 9 மணிக்குப் பதில் வந்தது: "லூக்கா 12:13, 14 வாசி."

எடுத்துப் பார்த்தேன். "போதகரே, ஆஸ்தியைப் பாகம்பிரித்து எனக்குத் தரும்படி என் சகோதரனுக்குக் கட்டளையிடவேண்டும்" என்று ஒருவன் கேட்கிறான். "என்னை உங்களுக்கு நியாயாதிபதியாகவும் பங்கிடுகிறவனாகவும் வைத்தவன் யார்" என்று இயேசு மறுக்கிறார். போனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன்.

அதற்கப்புறம் 4 வருஷம் பேச்சு இல்லை. சாவு வீட்டில் பார்த்தால் தலையை ஆட்டுவோம். அந்த 4 வருஷத்தில் வேதம் வாசிக்காமல் நான் படுத்த நாள் ஒன்றுகூட இல்லை. லூக்கா 12 வரும்போது மட்டும் பக்கத்தைப் புரட்டி 13க்குப் போய்விடுவேன். நீங்கள் 12 தடவை முடித்ததாக எழுதியிருந்தீர்களே, எனக்கு அதுதான் உறுத்தியது. முடிப்பதற்கும் தாண்டிப் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை என் ஒரு பக்கத்திலேயே நான் கண்டிருக்கிறேன்.

ஜனவரி 20

"அப்போ பொம்பளைங்க பங்கை விட்டுக்கொடுத்துட்டு ஜெபம் பண்ணிட்டு இருக்கணுமா?" என்று ஒரு தங்கச்சி கோபமாக எழுதியிருக்கிறாள். இல்லவே இல்லை. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சமமான பங்கு. கேரளத்தின் பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில் வேறு சட்டம் குறுக்கே நின்றது. அங்கே மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பெண்களுக்குச் சமபங்கு வந்தது. என் பங்கு நியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

நான் வேறு ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். அந்த ஐந்து பெண்களும் கூடாரவாசலில் மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபை முழுவதற்கும் முன்னால் வந்து நின்று வாய்திறந்து கேட்டார்கள். நான் என்ன செய்தேன்? அண்ணன் முகத்துக்கு முன்னால் நிற்காமல் ஒரு வசனத்தைக் கல்லாக எடுத்துத் தூரத்திலிருந்து எறிந்தேன்.

ஜனவரி 27

எண்ணாகமம் 36ஐ வாசித்தீர்களா என்று ஒரு அண்ணாச்சி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, நன்றி அண்ணாச்சி. வாசித்தேன், அந்த ராத்திரியே. அந்தப் பெண்கள் வேறு கோத்திரத்தில் கல்யாணம் பண்ணினால் நிலம் அங்கே போய்விடுமே என்று வம்சத்தலைவர்கள் வந்து முறையிடுகிறார்கள். அதனால் சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே கட்ட வேண்டும் என்று முடிவாகிறது. நான் கட்டியிருப்பது வேறு ஊரில். எனக்கு உதவாது என்று அதைப் படம் எடுக்கவில்லை. தெரிந்தே விட்டேன்.

பிப்ரவரி 2

லூக்கா 12ஐ எப்போது வாசித்தேன் என்று கேட்கிறீர்கள். போன நவம்பரில், ஒரு மழை நாளில், கரண்ட் இல்லாத ராத்திரி. மெழுகுவர்த்தியில் பக்கம் புரட்டினால் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டு அங்கே வந்து நின்றது. தாண்டிப் போக மனம் வரவில்லை. சரி, அண்ணனுக்குப் பதில் சொல்வதற்காக இல்லாமல் ஒருதடவை வாசிப்போம் என்று உட்கார்ந்தேன்.

14ஆம் வசனத்தோடு நிறுத்தச் சொன்னான் அண்ணன். நான் நிறுத்தவில்லை. 15ஆம் வசனம் "பின்பு அவர் அவர்களை நோக்கி" என்று தொடங்குகிறது. கேட்டவன் ஒருவன், பதில் எல்லாருக்கும். "பொருளாசையைக்குறித்து எச்சரிக்கையாயிருங்கள்." 14இலும் பாருங்கள், "என்னை உனக்கு" என்று இல்லை, "உங்களுக்கு" என்றிருக்கிறது. பங்கு கேட்கிற தம்பி, கொடுக்காத அண்ணன், இரண்டு பேரையும் ஒரே வார்த்தைக்குள் நிறுத்துகிறார். அதற்கப்புறம் வருகிற ஐசுவரியவான் கதையில் யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ஏற்கெனவே வைத்திருக்கிறவன், "என் களஞ்சியங்களை இடித்து, பெரிதாகக் கட்டி" என்று தன்னோடுதானே பேசிக்கொண்டிருக்கிறான்.

அதாவது அண்ணன் எனக்கு அனுப்பின வசனம் அவனுக்கும் சேர்த்துத்தான். இதைக் கண்டுபிடித்ததும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிப்ரவரி 3

நேற்று எழுதினதை இன்று காலையில் வாசித்தேன். கடைசி வரியில் வந்த அந்தச் சந்தோஷத்தைப் பாருங்கள். வசனம் எனக்கும் என்று சொன்னதைப் பிடிக்காமல், அவனுக்கும் என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கல். நவம்பரில் வாசித்தது பாதி திறந்த மனதுதான். 43 பனையில் எனக்கு எத்தனை வரும் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் மனசுக்குள் பங்கு போட்டிருக்கிறேன். அதற்கு என்ன பெயர்? அதை 15ஆம் வசனம் என்னிடம் கேட்டது. நான் காதில் வாங்கவில்லை.

பிப்ரவரி 10

மனதைத் திறப்பது நாம் இல்லை, கர்த்தர்தான் என்று ஒருவர் லீதியாளைக் காட்டியிருக்கிறார். அப்போஸ்தலர் 16:14, தியத்தீரா ஊர், இரத்தாம்பரம் விற்கிறவள், "கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தருளினார்." ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த ஓய்வுநாளில் அவள் ஆற்றங்கரையில், ஜெபம் பண்ணுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். வியாபாரம் பார்க்கிறவள், அன்று அங்கே வந்திருந்தாள். வருவது நம் பாகம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார், 3 அதிகாரக் கணக்கை விட்டுவிட்டாராம். யாக்கோபு 1:19ஐ மனைவியை வாசிக்கச் சொல்லித் தான் கேட்கிறாராம், "கோபிக்கிறதற்குத் தாமதமாயும்" வரைக்கும். ஒரு வாரமாக அந்த ஒரே வசனம். படித்ததும் மனம் நிறைந்துவிட்டது.

பிப்ரவரி 17

தனியாக ஒன்று. கலாத்தியர் 3:28ஐ வசனப் போட்டிக்கு மனப்பாடம் பண்ணாத பிள்ளை நம் சீமையில் உண்டா? "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை." நானும் சொல்லிப் பரிசு வாங்கியிருக்கிறேன், எவர்சில்வர் டம்ளர். அதே நான் மகனுக்குப் பெண் பார்க்க பயோடேட்டா எழுதும்போது மேலே சாதியை எழுதினேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே எழுதினேன். மகன்தான் அதைக் கையில் வாங்கி, "அம்மா, இந்த வரி எதுக்கு?" என்றான். அந்த வரியை அடித்துவிட்டேன். ஆனால் முதலில் எழுதியது என் கை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் நம் சபைகளில் இந்த வசனம்தான் வாயில் அதிகம், கல்யாணப் பேச்சில் அதுதான் காணாமல் போகிறது.

பிப்ரவரி 25

அண்ணன் மகள் போன் பண்ணினாள். "அத்தை, 43 பனைன்னு எழுதுனது நீங்கதானே?" என்றாள். இதையெல்லாம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாளாம். எனக்குக் கை நடுங்கியது. அவனிடம் கேட்காமல் அவன் பேச்சை இங்கே எழுதியது தவறு. மதினி தலையைக் குனிந்ததையும் எழுதியிருக்கக் கூடாது. "அப்பா என்ன சொன்னாங்க?" என்றேன். "ஒண்ணும் சொல்லல. பிப்ரவரி 3 எழுதுனத மட்டும் ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னாங்க."

மார்ச் 17

நேற்று ஊருக்குப் போனேன்.

அண்ணன் வீட்டில் சாம்பல் புதன் தொடங்கி லெந்து என்கிற தவக்கால நாட்களில் தினம் ராத்திரி லூக்காவில் ஒரு அதிகாரம், ஆளுக்கு ஒரு வசனமாக முறை வைத்து. எனக்கு அது தெரியாது. போனபோது சாயங்காலம் ஆகிவிட்டது. மதினி கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். அண்ணன் தோட்டத்திலிருந்து வந்து, "எப்ப வந்த?" என்றான். வேறு பேச்சு இல்லை. 8 மணிக்குப் பாய் விரித்தார்கள். அன்று 12ஆவது ராத்திரி.

அண்ணன் மகள் முதல் வசனம், மதினி இரண்டாவது, அண்ணன் மூன்று, நான் நான்கு. அப்படியே சுற்றி வந்தது. 10 வரும்போதே நான் எண்ணிப் பார்த்துவிட்டேன். 13 அண்ணன் மகளுக்கு, 14 மதினிக்கு, 15 அண்ணனுக்கு. ஆனால் 13 வந்ததும் பிள்ளை வாசிக்காமல் இழுத்து நின்றாள். அண்ணன் கையை நீட்டி, "நான் வாசிக்கேன்" என்றான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். "போதகரே, ஆஸ்தியைப் பாகம்பிரித்து எனக்குத் தரும்படி..." அங்கே ஒரு இடத்தில் அவன் குரல் அம்மா குரல் மாதிரி கம்மியது. "...என் சகோதரனுக்குக் கட்டளையிடவேண்டும் என்றான்." நான் கேட்டதை அவன் வாயால் கேட்டேன். மதினி 14ஐ வாசித்தாள். 15 எனக்கு என்று நானே எடுத்துக்கொண்டேன். "பொருளாசையைக்குறித்து" என்ற சொல்லுக்கு மேல் வரவில்லை. பிள்ளைதான் முடித்தாள்.

ஜெபம் முடிந்து எழுந்ததும் அண்ணன் பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "சர்வேயர வரச் சொல்லுதேன். நீயும் நிக்கணும்." காலையில் பஸ்ஸுக்கு முன்னால் பட்டையில் பதநீர் கொண்டுவந்து கொடுத்தான். ஓலை மணத்தோடு குடித்தேன்.

ஏப்ரல் 5

அளந்தாயிற்றா என்று கேட்கிறவர்களுக்கு: இன்னும் இல்லை. சர்வேயர் தேதி கொடுக்கவில்லை. எப்படிப் பிரிப்பது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை, கிணறு எந்தப் பக்கம் என்பதில். நான் கேட்பதை விடவில்லை, அவனும் அவன் நியாயத்தைச் சொல்கிறான். பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஞாயிறு சாயங்காலம் 7 மணிக்கு போனில் இரண்டு பேரும் ஒரு அதிகாரம் வாசிக்கிறோம், ஒரு வசனம் அவன், ஒரு வசனம் நான். 13உம் 14உம் முடிந்தது. நாளை 15, இரண்டு குமாரர் கதை. மூத்தவன் வீட்டுக்குள் வராமல் வெளியே நிற்கிற வசனம் யார் முறையில் வரும் என்று இந்தத் தடவை நான் எண்ணிப் பார்க்கவில்லை.